ஓவியம் படிக்க ஸ்பெயின் போகிறவளுக்கு எவ்வளவு ஸ்பானிஷ் வேண்டும்?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியப் பட்டம் முடித்திருக்கிறாள், ஸ்பெயினில் முதுகலை படிக்க ஆசை. "ஓவியத்துக்கு என்ன மொழி வேண்டிக்கிடக்கு, போய்ப் பழகிக்கலாம்" என்று ஏஜென்ட் சொல்கிறாராம். அப்பாவுக்கு இருப்பது ஒரு வல்லம், நாட்டுப்படகு. கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டும். எந்த ஊருக்குப் போவது, போகும் முன் எவ்வளவு படிப்பது, போன பிறகு எப்படிப் பேசிப் பழகுவது என்பவை அவள் கேள்விகள்.

நான் பாம்பன்காரி. வலென்சியாவில் முதுகலை படித்துவிட்டு வந்து, இப்போது ராமநாதபுரத்தில் பிள்ளைகளுக்கு ஓவியமும், கேட்டு வருகிறவர்களுக்கு ஸ்பானிஷும் சொல்லித்தருகிறேன். அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், நானும் நீ என்றே எழுதுகிறேன்.

ஏஜென்ட் சொன்னதை முதலில் தூக்கி ஓரமாக வை. ஓவியத்துக்கு மொழி வேண்டாம் என்பது வரைகிற நேரத்துக்கு மட்டும்தான் உண்மை. கும்பகோணத்தில் சார் பின்னால் வந்து நின்று, உன் கோட்டின் மேலேயே தன் கோட்டைப் போட்டுத் திருத்திவிட்டுப் போவார். நீ வாயைத் திறக்க வேண்டியதில்லை. அங்கே முதுகலை வகுப்பில் உன் படத்தை யாரும் தொட மாட்டார்கள். சுவரில் மாட்டச் சொல்வார்கள். எல்லாரும் அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்க ஆரம்பிப்பார்கள். ஏன் இவ்வளவு பெரிசு? இந்த நீலம் கடலா, வெறும் நீலமா? இதைப் புகைப்படமாக எடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? 'புவெஸ்தா என் கொமூன்' என்பார்கள் இதை. மார்க் போடுகிறவர் படத்தையும் பார்ப்பார், நீ சொல்கிற பதிலையும் பார்ப்பார். படிப்பு முடியும்போது ஓர் ஆய்வேடு எழுதி, படைப்போடு வைத்து, ஆசிரியர் குழுவுக்கு முன்னால் நின்று பேச வேண்டும். ஊமையாக உட்கார்ந்திருந்தால் நல்ல படம்கூடச் சோம்பேறித்தனமாகத் தெரியும். கைத்திறன் அதிகம் உள்ள பிள்ளைகளுக்குத்தான் இதில் அடி பலம், ஏனென்றால் அவர்கள் அதுவரை பேசத் தேவைப்பட்டதே இல்லை.

சரி, எவ்வளவு வேண்டும்? ஸ்பெயினின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கவின்கலை முதுகலைகளுக்குப் பெரும்பாலும் ஐரோப்பிய மொழித்தேர்ச்சி அளவுகோலில் 'பி2' நிலை கேட்கிறார்கள், சில இடங்களில் அதற்கு ஒரு படி கீழே உள்ள 'பி1' போதும். சான்றிதழுக்கு இரண்டு தேர்வுகள் உண்டு. ஒன்று டெலே. ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்துவது, ஒருமுறை வாங்கினால் காலாவதி ஆகாது. இன்னொன்று சியேலே. கணினியில் எழுதுவது, முடிவு சீக்கிரம் வரும், ஆனால் ஐந்து வருஷம்தான் செல்லும். செர்வாந்தெஸ் நிறுவனத்தின் இந்திய மையம் டெல்லியில் இருக்கிறது, இணையவழி வகுப்பும் நடத்துகிறார்கள். தினமும் ஒரு மணி நேரம் விடாமல் உட்கார்ந்தால் ஒரு வருஷத்தில் பி1 வரும். அதைத் தொடாமல் விமானம் ஏறாதே என்பதுதான் என் கட்சி. போய்ப் பழகிக்கொள்ளலாம்தான், ஆனால் பழகி முடிக்கிறபோது ஒரு வருஷப் படிப்பும் முடிந்திருக்கும். கடன் வாங்கிப் போகிற பிள்ளைக்கு அந்த வருஷம் ரொம்ப விலை உயர்ந்தது.

பயப்பட வேண்டியதில்லை. தமிழ் பேசுகிறவளுக்கு ஸ்பானிஷில் சில கதவுகள் ஏற்கெனவே திறந்தே இருக்கின்றன. 'வந்தேன்' என்றாலே நான் என்பது அதற்குள் வந்துவிடுகிறது இல்லையா, அங்கும் அப்படித்தான். வினைச்சொல்லின் வால் ஆளைக் காட்டிவிடும், நான், நீ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் 'யோ, யோ' (நான், நான்) என்று நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். 'எனக்குப் பிடிக்கும்' என்பதையும் அவர்கள் நம்மைப் போலவே 'எனக்கு' என்றுதான் தொடங்குவார்கள். நீ, நீங்கள் என்ற இரண்டும் அவர்களுக்கும் உண்டு. ஆனால் ஸ்பெயினில் பேராசிரியரைக்கூட 'நீ' என்று பேச்சு ஓடும், அதற்குக் கொஞ்ச நாள் கூசும். அவர்களுடைய 'த' நம் 'த'தான், ஆங்கிலத்து 'ட'வை அங்கே கொண்டுபோகாதே. கஷ்டமெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது. மேசை பெண், புத்தகம் ஆண் என்று ஒவ்வொரு பொருளுக்கும் பால் உண்டு. 'இருக்கிறது' என்பதற்கு இரண்டு வினை உண்டு, அடிப்படையில் இன்னது என்று சொல்ல ஒன்று, இப்போது இந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல ஒன்று. இந்த இரண்டாவது சிக்கலுக்கு ஓவியம் படிக்கிறவளுக்கு நல்ல மருந்து கையிலேயே இருக்கிறது. ஏதாவது ஒரு படத்தைத் திறந்துவைத்து, யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், கதவு திறந்திருக்கிறதா, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லு. மாட்ரிடில் உள்ள பிராடோ ஓவிய அருங்காட்சியகம் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில், ஓவியத்துக்கு முன்னால் நின்று ஸ்பானிஷில் விளக்கும் நேரலைகளைப் போடுகிறது. முதலில் ஒன்றும் பிடிபடாது. வெலாஸ்கெஸ் 1656-இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' பற்றிய பேச்சு எப்படியும் அடிக்கடி வரும், அதிலிருந்து தொடங்கு. படம் உனக்குத் தெரிந்ததாக இருந்தால், காதில் விழுகிற சொற்கள் தானாகவே அதனதன் இடத்தில் போய் உட்காரும்.

நம் கடற்கரைக்கு வந்த ஒரு ஸ்பெயின்காரர் இதற்கு நேர் எதிர்த் திசையில் இதையே செய்தார். சவேரியார் 1506-இல் நவார்ரா பகுதியில் சவியேர் கோட்டையில் பிறந்தவர். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு, மணி அடித்தபடி தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். இலக்கணம் முடித்துவிட்டுத்தான் பேசுவேன் என்று அவர் காத்திருக்கவில்லை. உனக்கும் அதே வழியைச் சொல்வேன். உன் வேலையைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுது. எங்கிருந்து வருகிறாய், எதை வரைகிறாய், எந்தப் பொருளில் வரைகிறாய், ஏன் அது. ஸ்பானிஷ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் திருத்தி வாங்கி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வருகிற அளவுக்கு மனப்பாடம் பண்ணிவிடு. முதல் மாதம் முழுக்க உன்னைக் காப்பாற்றப்போவது அந்தப் பத்து வாக்கியம்தான். ஒவ்வொருவரும் அதிலிருந்து ஒரு கேள்வி கேட்பார்கள், அந்தக் கேள்விகளிலிருந்து அடுத்த பத்து வாக்கியம் வரும்.

அடுத்தது ஊர். மொழிப் பயிற்சியும் வேண்டும் என்பவள் கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் ஸ்பெயின் முழுக்க ஸ்பானிஷ் மட்டும் இல்லை. பார்சலோனாவில் கத்தலான் உண்டு, பல்கலைக்கழக வகுப்புகளில் பலவும் அதில்தான். பில்பாவோ பக்கம் பாஸ்க். வலென்சியாவிலும் வலென்சியானோ என்ற மொழி அரசு மொழிகளில் ஒன்று, ஆனால் நகரத்துக் கடைத்தெருவில் ஸ்பானிஷ்தான் அதிகம் காதில் விழும். எந்தப் பாடம் எந்த மொழியில் என்பதைப் பாடத்திட்டக் குறிப்பிலேயே போட்டிருப்பார்கள், விண்ணப்பிக்கும் முன் அதைப் பார். மாட்ரிட், சலமாங்கா, கிரனாடா, செவில்லே, மாலகா இந்த ஊர்களில் ஸ்பானிஷ் ஒன்றுதான்.

மாட்ரிட் கொம்ப்ளுதென்சே பல்கலைக்கழகத்தின் கவின்கலைப் பிரிவு, 1752-இல் தொடங்கிய சான் ஃபெர்னாந்தோ அகாதெமியின் பள்ளியிலிருந்து வந்தது. ஓவியர்கள் பிக்காசோவும் சால்வடோர் தாலியும் மாணவர்களாக இருந்த பள்ளி அது. தாலியை 1926-இல் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஊரில் வாடகை ஏறுமுகம். ஆனால் அருங்காட்சியகங்களை நினைத்தால் மனசு கேட்காது. பிராடோவில் 18 முதல் 25 வயது மாணவர்களுக்கு அனுமதி இலவசம். வயது தாண்டிவிட்டாலும் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 மணி வரைக்கும், ஞாயிறு 5 முதல் 7 வரைக்கும் எல்லாருக்கும் இலவசம். உள்ளே படம் எடுக்கக் கூடாது, அது நல்லதுதான், கண்ணால் பார்க்க வைக்கிறது. ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் பிக்காசோவின் 'கெர்னிக்கா' இருக்கிறது. 1937-இல் வரைந்தது, ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம், எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், வண்ணமே இல்லாமல் கறுப்பு, வெள்ளை, சாம்பல். புத்தகத்தில் பார்த்ததை வைத்து அதைத் தெரியும் என்று சொல்லிவிட முடியாது.

சலமாங்கா பல்கலைக்கழகம் 1218-இலிருந்து இருக்கிறது, வெளிநாட்டவருக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பதில் பேர் போன ஊர், கவின்கலைத் துறையும் உண்டு. பேச்சும் தெளிவாக இருக்கும். கிரனாடா செலவு குறைந்த ஊர், மாணவர் ஊர். ஆனால் அந்த ஊர் இருக்கிற அந்தாலுசியாப் பகுதிக்காரர்கள் சொல்லின் கடைசி 'ஸ்' எல்லாவற்றையும் விழுங்கிவிடுவார்கள். அவர்களுக்குக் காது பழகிவிட்டால் அப்புறம் எந்த ஊர்க்காரரும் உனக்குச் சுலபம்.

எனக்கு வலென்சியாமேல் ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை. அங்கே பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் கீழ் சான் கார்லோஸ் கவின்கலைப் பிரிவு இருக்கிறது, பட்டறைகள் பெரியவை. ஊரின் நுண்கலை அருங்காட்சியகத்துக்குள் போகக் காசு கிடையாது, வெலாஸ்கெஸ் தன்னைத்தானே வரைந்த படம் அதற்குள் இருக்கிறது. மாட்ரிடுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இதற்கெல்லாம் மேலே, சொரோயா பிறந்த ஊர் அது. ஹோவாகின் சொரோயா, 1863-1923. நம் கரையிலிருந்து போகிற யாரும் இவர் படங்களுக்கு முன்னால் சும்மா நிற்க முடியாது. வலென்சியாக் கடற்கரையில் மாடுகளைக் கட்டிப் படகை இழுத்து ஏற்றுகிற மீனவர்கள், காற்றில் உப்பிய பாய், அதன் ஓரத்தில் மாலை வெயில். 1894-இல் வரைந்த ஒரு படம் பிராடோவின் சேகரிப்பில் இருக்கிறது. படகின் வயிற்றுக்குள்ளே அடிபட்ட ஓர் இளைஞன் சாய்ந்து கிடக்கிறான். வயசான இரண்டு பேர், ஒருவர் தோளைத் தாங்கிக்கொள்ள, மற்றவர் காயத்தில் துணியை வைத்து அழுத்துகிறார். பையனின் கழுத்தில் ஒரு பதக்கம் தொங்குகிறது. பின்னால் அன்றைக்குப் பிடித்த மீன் குவிந்து கிடக்கிறது. படத்தின் தலைப்பு, 'இன்னும் மீன் விலை அதிகம் என்கிறார்கள்!' கடலுக்குப் போன ஆள் திரும்பாத ராத்திரியை அறிந்த கரையில் வளர்ந்தவளுக்கு அந்தத் தலைப்பில் இருக்கிற கோபத்தை விளக்கத் தேவையில்லை. வகுப்பில் அதைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசச் சொன்னால், ஸ்பெயின்காரப் பிள்ளைகளைவிட உன்னிடம் சொல்ல அதிகம் இருக்கும். சொல்ல விஷயம் இருக்கிறவளுக்கு மொழி வேகமாக வரும், இதை நான் என் மாணவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இனி, போன பிறகு எங்கே பேசிப் பழகுவது. எல்லாரும் முதலில் சொல்வது 'இந்தெர்காம்பியோ'. ஒரு காபிக் கடையில் பாதி நேரம் ஸ்பானிஷ், பாதி நேரம் ஆங்கிலம் என்று பரிமாறிக்கொள்வது. கெட்டதில்லை. ஆனால் அங்கே வருகிற இளைஞர்களுக்கு ஆங்கிலம் பேசிப் பழகுவதில்தான் ஆர்வம், பாதி பாதி என்பது சீக்கிரம் எண்பதுக்கு இருபதாகிவிடும். ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாதவர்களைத் தேடு. அவர்கள்தான் உனக்கு வாத்தியார்.

உன் படிப்பிலேயே அப்படி ஓர் இடம் இருக்கிறது, அச்சோவியப் பட்டறை. 'கிரபாதோ' பாடத்தை எப்படியாவது எடு. துத்தநாகத் தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இறக்குகிறோம். துத்தநாகத்துக்கு நைட்ரிக், செம்புத் தகடென்றால் ஃபெர்ரிக் குளோரைடு. எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கறுப்பு. வெளியே எடுத்துக் கழுவி, மையைத் தேய்த்து ஏற்றி, 'தார்லதானா' என்கிற கஞ்சி போட்ட வலைத்துணியால் வட்டம் வட்டமாகத் துடைக்க வேண்டும். கீறலுக்குள் மை நிற்கணும், மேலே நிற்கக் கூடாது. அப்புறம் நனைத்து ஒற்றிய தாள், அதன் மேல் கம்பளி, 'தோர்குலோ' என்கிற உருளை அழுத்தி. இத்தனையையும் பக்கத்தில் நின்று பட்டறை மேஸ்திரி சொல்லிக்கொண்டே இருப்பார். மெதுவா. இன்னொரு தடவை. ஓரத்தைத் துடை. கையைத் தூக்கு, இப்ப தள்ளு. ஜாக்கிரதை. அத்தனையும் ஏவல் வினை, அத்தனையும் கையோடு சேர்ந்து வருகிறது. புத்தகத்தில் ஏவல் வினை அத்தியாயத்தை எத்தனை முறை படித்தாலும் நிற்காது. அமிலத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒருவர் 'குயிதாதோ!' (ஜாக்கிரதை!) என்று கத்தினால் ஜென்மத்துக்கும் மறக்காது. அச்சோவியத்தில் பிடிப்பு வந்துவிட்டால் மாட்ரிடில் கல்கோகிராஃபியா நசியோனால் என்ற அச்சுத்தகட்டுக் காப்பகத்துக்கு ஒரு நடை போய் வா. ஓவியர் கோயா கீறிய செம்புத் தகடுகள் அங்கே இருக்கின்றன. அவருடைய 'லோஸ் காப்ரிச்சோஸ்' 1799-இல் வந்தது, 80 அச்சுப்படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒற்றை வரி, குத்தலாக. ஸ்பானிஷ் வாசிக்கப் பழக அதைவிடச் சின்ன, கூர்மையான பாடநூலை நான் பார்த்ததில்லை. படமும் வரியும் ஒன்றையொன்று விளக்கும், புரியாத மிச்சத்தை யாரிடமாவது கேட்டால் அரைமணி நேரப் பேச்சு கிடைக்கும்.

பட்டறைக்கு வெளியே மீன் கடை. இதில் நமக்கு இருக்கிற தெம்பு வேறு யாருக்கு இருக்கு? வலென்சியாவில் மெர்காதோ சென்ட்ரல் என்று 1928-இல் திறந்த பெரிய சந்தை, இரும்பும் கண்ணாடியும் ஓடுமாகப் பார்க்கவே அழகு. மீன் பிரிவில் பெரும்பாலும் பெண்கள் நின்று விற்பார்கள். கணவாயின் கண்ணைப் பார்த்து நேற்றையதா இன்றையதா என்று உனக்குத் தெரியும். அதை நீ ஒரு வாக்கியத்தில் சொன்னால் போதும், அந்த அம்மா அடுத்த வாரம் உன்னை ஞாபகம் வைத்திருந்து கூப்பிடுவார். கூட்டமில்லாத நேரமாகப் போ. கியூ நிற்கும்போது நம் ஸ்பானிஷைக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. பழைய மீனவர் குடியிருப்பான கபன்யாலும் கடற்கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வண்ண ஓடு பதித்த வீட்டு முகப்புகளை வரைய ஒரு நோட்டோடு உட்கார்ந்தால் யாராவது ஒரு கிழவர் வந்து எட்டிப் பார்ப்பார். வரைகிறவள் யாரிடமும் வலியப்போய்ப் பேச வேண்டியதில்லை, நோட்டு ஆளை இழுத்துக்கொண்டு வரும்.

கோயில் பாடகர் குழுவில் பாடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அங்கும் போய்ச் சேர். பூசையின் ஒழுங்கு உனக்கு மனப்பாடம், என்ன சொல்கிறார்கள் என்பது சொல்வதற்கு முன்பே தெரியும், எப்படிச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்தால் போதும். பாட்டில் உச்சரிப்பு படியும். மாட்ரிடில் என்றால் சிர்குலோ தெ பெல்லாஸ் ஆர்தெஸ் என்ற கலைஞர் மன்றத்தில் மாடலை வைத்து வரைகிற அமர்வுகள் உண்டு. வரையும்போது பேச முடியாது, இடைவேளையில் பேசாமல் இருக்க முடியாது. பணம் கொடுத்துப் படிப்பதென்றால் தனியார் மொழிப்பள்ளிக்கு முன்னால் 'எஸ்குவேலா ஒஃபிசியால் தெ இதியோமாஸ்' என்ற அரசு மொழிப்பள்ளியை விசாரி. கட்டணம் குறைவு, ஆனால் சேர்க்கை வருஷத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் திறக்கும், கண் வைத்திருக்க வேண்டும்.

வீட்டு விஷயம். இந்தியப் பிள்ளைகளோடு சேர்ந்து தங்குவது முதல் சில வாரம் பெரிய ஆறுதல், குழம்பும் சோறும் கிடைக்கும். அதன் பிறகு வெளியே வந்துவிடு. ஸ்பானிஷ் பேசுகிற பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்ளும் வீட்டில், பாத்திரம் யார் கழுவுவது என்ற சண்டையில்தான் மொழியே வரும். கோபத்தில் இலக்கணம் பார்க்க மாட்டோம் இல்லையா. சாப்பாட்டு நேரம் மதியம் இரண்டு மணிக்கு மேல், ராத்திரி ஒன்பதுக்கு மேல். தட்டைக் கழுவிவிட்டு அறைக்குள் போய்விடாதே. சாப்பிட்டு முடித்து மேசையிலேயே உட்கார்ந்து பேசுவது அவர்களுக்குச் சாப்பாட்டின் ஒரு பகுதி.

விண்ணப்பத்தோடு அனுப்புகிற படத்தொகுப்பைப் பற்றி நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன், ஏனென்றால் நீ பேசப்போவதெல்லாம் அதிலிருந்துதான். கும்பகோணத்தில் படித்தவர்கள் கோயில் தூணும் தலையில் குடம் வைத்த பெண்ணும் அனுப்புகிறார்கள். கை சுத்தமாக இருக்கும், ஆனால் நீ யார் என்று தெரியாது. உன் வீட்டுப் பக்கத்தில் பாசி எடுக்கப் போகிற அக்காமார் இருக்கிறார்கள், விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்குகிறவர்கள். அவர்கள் மரிக்கொழுந்துப் பாசி எடுப்பது அகர் என்கிற கூழ்ப்பொருள் செய்ய. ஸ்பெயினின் வடகரையில் அஸ்தூரியாஸ் பக்கமும் அகருக்காக இதன் உறவுப் பாசி ஒன்றைச் சேர்க்கிறார்கள், 'ஒக்லே' என்பார்கள், அலை கொண்டுவந்து ஒதுக்கியதை அள்ளிக் காயவைப்பார்கள். இதைச் சொன்னால் சேர்க்கை நேர்காணலில் உன்னை யாரும் மறக்க மாட்டார்கள். முடிந்த படத்தைவிட அதற்கு முன் போட்ட கிறுக்கல்களையும் தோற்றுப்போன வடிவங்களையும் சேர்த்து அனுப்பு, அவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

இன்னொன்று, ராமநாதபுரம் அரண்மனைக்குள் ராமலிங்க விலாசத்தைப் போய்ப் பார். சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். மராத்தியரோடு நடந்த போர், ஐரோப்பியரைச் சந்திக்கிற சேதுபதி, ராமாயணம் எல்லாம் அந்தச் சுவர்களில் இருக்கிறது. பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில் இருப்பதைப் பார்க்காமல் பிராடோவுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். உட்கார்ந்து நகல் எடு, பத்து வாக்கியத்தில் ஒன்று அதைப் பற்றியதாக இருக்கட்டும்.

சுவரோவியம் என்றதும் மெக்சிகோவையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பானிஷும் ஓவியமும் என்றால் ஸ்பெயின் மட்டும்தானா? தியேகோ ரிவேரா, சிகெய்ரோஸ், ஒரோஸ்கோ அரசுக் கட்டடச் சுவர்களையே நிரப்பிய நாடு அது. நம் ஓவியர் சதீஷ் குஜ்ரால் 1952-இல் அங்கே போய் ரிவேராவிடமும் சிகெய்ரோஸிடமும் பழகியவர். மெக்சிகோ ஸ்பானிஷ் நம் காதுக்கு இன்னும் நிதானமாக விழும். தூரமும் டிக்கெட் விலையும்தான் தடை.

பணம். மாணவர் விசாவுக்கு மாதம் 600 யூரோ என்ற கணக்கில் (ஐப்ரெம் என்ற அரசு அளவுகோல்) கையிருப்பு காட்ட வேண்டும். வருஷத்துக்கு 7,200 யூரோ, ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் ஏழு லட்சத்துக்கு மேல். இது காட்டவேண்டிய தொகை, கல்விக் கட்டணம் தனி. அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தை அந்தந்த மாகாணம் நிர்ணயிக்கிறது, சில மாகாணங்களில் ஐரோப்பியர் அல்லாதவருக்குக் கூடுதல். அதனால் ஊரை முடிவு செய்யும் முன் ஒரு கிரெடிட்டுக்கு (பாட அளவின் அலகு) எவ்வளவு என்று பார்த்து, மொத்த கிரெடிட்டால் பெருக்கிப் பார். பெரும்பாலும் 60 கிரெடிட் ஒரு வருஷம், 120 என்றால் இரண்டு வருஷம். ஏஜென்ட் காட்டுகிற படிப்பு 'மாஸ்டர் ஒஃபிசியால்' வகையா, பல்கலைக்கழகம் தானே கொடுக்கும் 'ப்ரோபியோ' வகையா என்று கேள். இரண்டாவது வகையில் சேர்வது சுலபம், விலை அதிகம், முனைவர் படிப்புக்கு அதை வைத்து நேராகப் போக முடியாது. ஃபுந்தசியோன் கரோலினா உதவித்தொகையைப் பற்றி யாராவது சொன்னால் ஆசைப்படாதே, அது லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளை மனதில் வைத்தது. மாணவர் விசாவில் படிப்புக்கு இடைஞ்சல் இல்லாமல் வாரத்துக்கு 30 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். ஆனால் அதை நம்பி வாடகையைக் கணக்குப் போடாதே. மொழி வராதவளுக்குக் கிடைப்பது யாரோடும் பேச வேண்டாத வேலைதான், பாத்திரம் கழுவுவதும் பெட்டி தூக்குவதும். பி2 இருந்தால் அருங்காட்சியகக் கடை, குழந்தைகளுக்கான ஓவிய வகுப்பு என்று கதவு மாறும்.

காகித வேலையை ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை நடக்கிற விசைப்படகு மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தள்ளிவைக்காதே. அப்போது ஊர் கொஞ்சம் ஓய்வாக இருக்கும் என்பது சரிதான், ஆனால் முதுகலை விண்ணப்பங்கள் பல இடங்களில் பிப்ரவரியிலேயே தொடங்கி ஜூலைக்குள் முடிந்துவிடும். வகுப்பு செப்டம்பர், அக்டோபரில். பட்டச் சான்றிதழுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அதன் மேல் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான வெளியுறவு அமைச்சக முத்திரையான அப்போஸ்டில். அப்புறம் ஸ்பெயின் அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானிஷில் மாற்ற வேண்டும். இந்த வரிசை மாறினால் இரண்டு முறை செலவு. ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதால் போலீஸ் சான்றிதழும் மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள். இவை பழசாகிவிட்டால் ஏற்க மாட்டார்கள், அதனால் கடைசியில் வாங்கு. மருத்துவக் காப்பீடு படிப்புக் காலம் முழுவதற்கும் இருக்க வேண்டும். போய் இறங்கிய ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கணும், கைரேகை பதிய நேரம் கிடைப்பதே பெரும்பாடு. இறங்கிய வாரமே இணையத்தில் தேடத் தொடங்கு. நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்யும் 'எம்பத்ரோனமியென்தோ'வையும் அதே வாரத்தில் முடித்துவிடு. வீட்டுக்காரர் அதற்குச் சம்மதிப்பாரா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள். சிலர் மறுப்பார்கள், அப்படிப்பட்ட அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.